என் மனைவியின் அப்பா

என் மாமனாரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வெண்டைக்காய்ப் பாத்தியின் நடுவில். நிபோங் திபாலுக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு இடையில், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவர் காய்கறி போட்டிருந்தார். நான் பெண் கேட்கப் போயிருந்தேன், தனியாக. என் அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்கள். எனக்காகப் பேச வேறு பெரியவர்கள் இல்லை. பிறை நகரத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த அவருடைய மகள்தான் வழி சொல்லி அனுப்பியிருந்தாள். "வீட்டுக்குப் போகாதீங்க. நேரா தோட்டத்துக்குப் போங்க. வீட்ல உக்காந்தா அப்பாவுக்குப் பேச்சே வராது."

முழுக்கைச் சட்டையும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸுமாக நின்றிருந்தார். நான் யார், என்ன வேலை, எதற்கு வந்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கடைசியில், "நான் இந்துங்க ஐயா" என்றேன்.

அவர் ஒரு கூடையை என் பக்கம் நகர்த்தினார். "வெயில் ஏறிடும் தம்பி. இந்த வரிசைய முடிச்சிட்டுப் பேசலாம்லா."

வெண்டைக்காய் பறித்தால் கை இப்படி அரிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வரிசை முடிவதற்குள் இரண்டு முழங்கைகளும் சிவந்துவிட்டன. அவர் அதைப் பார்த்தார். வாய்க்காலில் கழுவச் சொன்னார். நான் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டார்.

"சாமி கும்புடுவியா?"

"கும்புடுவேங்க."

"தெனமுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எப்பவாச்சும்தான் ஐயா. தைப்பூசத்துக்கு. மத்தபடி..."

"அதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார். "வேற சாமிங்கிறதுகூடப் பெரிசு இல்ல."

கல்யாணம் அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் நடந்தது. மதம் மாறாத ஒருவனுக்குப் பெண் கொடுக்க மேலிடத்து அனுமதி வேண்டுமென்று பாதர் சொன்னார். அதற்காக மாமனார் வேலையைப் போட்டுவிட்டுப் பலமுறை நடந்தார். என்னை மாறச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பீடத்தின் பக்கம் திரும்பி நிற்கிறார்.

அவர் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவருடைய அப்பா மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர். அந்தத் தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, செம்பனை நட்டபோது லயத்துக் குடும்பங்கள் கலைந்தன. அவர் வயதுக்காரர்கள் எல்லாம் பிறைக்குப் போனார்கள். அவரும் கொஞ்ச காலம் ஒரு தொழிற்சாலையில் இருந்து பார்த்திருக்கிறார். ஜன்னல் இல்லாத இடம் என்றார். காலையில் உள்ளே போய்ச் சாயங்காலம் வெளியே வரும்போது தரை நனைந்திருக்குமாம். மழை பெய்தது தெரியாமலே ஒரு நாள் போய்விட்டதே என்று வருத்தமாக இருக்குமாம். அதனால் நின்றுவிட்டார். தவுக்கேயைப் பிடித்துக் குத்தகைக்கு நிலம் வாங்கினார். வெண்டை, கத்தரி, பயற்றங்காய், பாகல். அதை வைத்துத்தான் என் மனைவியையும் அவளுடைய தம்பியையும் படிக்க வைத்தார்.

காலையில் தண்ணீர் பாய்ச்சும் முன் வரப்பில் மண்டியிட்டுச் செபம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை மண்ணைத் தொடமாட்டார். மொத்த வியாபாரி லாரியை அனுப்பினாலும் சரி, புழு விழுந்தாலும் சரி. இதைப் பற்றி என் மனைவி ஒரு கதை சொல்வாள்; சொல்லும்போதே சிரித்துவிடுவாள்.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். தொடர்ந்து மழை. ஆறு ஏறுகிறது, நாளைக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் வந்து சொன்னார்கள். மறுநாள் அக்கம்பக்கத்துக் காய்கறிக்காரர்கள் எல்லோரும் விடியும் முன்பே பறிக்க இறங்கிவிட்டார்கள். இவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் இரண்டு பேரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பூசைக்குப் போய்விட்டார். "வயித்த வலிக்குது, நான் வரல" என்று மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

பூசை முடிந்து திரும்பி வரும்போது பாதையிலேயே தண்ணீர். தோட்டத்துப் பக்கம் பார்த்தால் மாமியார் இடுப்பளவு தண்ணீரில் நின்று பயற்றங்காயை உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கூடையை ஒரு பழைய லாரி டியூபின் மேல் மிதக்கவிட்டிருந்தார்.

"என்னடி செய்ற? இன்னைக்கு ஞாயித்துக்கெழமை!" என்று கரையிலிருந்து கத்தினாராம்.

"தெரியும்! நீங்க எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டு வந்தீங்களா இல்லையா? வந்தீங்கன்னா எறங்குங்க!"

அவர் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். பாதித் தோட்டத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் இதைப் போய்ச் சொன்னாராம். கூண்டுக்குள்ளிருந்து பாதர் சிரித்த சத்தம் வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அதில் இவருக்குக் கோபம். பாவத்துக்கு ஒரு பாதர் சிரிக்கலாமா என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டிருக்கிறார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். நான் இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஞாயிறுகளில் தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்குப் போவோம். அவள் கோயிலுக்குள் போவாள். நான் எதிரே காப்பிக்கடையில் பேப்பர் படிப்பேன். மாமியார் இறந்த பிறகு இந்த ஏற்பாடு இன்னும் உறுதியானது, அப்பாவுக்கு ஒரு வேளையாவது சமைத்து வைக்க வேண்டுமே என்று. என் மைத்துனன் படித்து முடித்துச் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். நல்லவன்தான். ஆனால் தூரத்தில் இருந்தான்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தபோது அவர் பஸ் பிடித்து, பெர்ரி ஏறி, மறுபடியும் பஸ் பிடித்து வருவார். கையில் எப்போதும் ஒரு பை நிறைய காய். அந்த வார்டில் யாருக்கும் காய்கறியால் ஒரு பயனும் இல்லை. தாதிகளுக்குக் கொடுப்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்வார். அதில் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர் மறுபாதியைச் சொல்ல வேண்டும். முதல் பாதி அவருடையது. மறுபாதியை அவள் சொன்னாள். அப்புறம் குரல் போய் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அவர் முதல் பாதியைச் சொல்லி முடித்துவிட்டு, அவளுக்கான நேரத்தை விட்டுவிட்டு, அடுத்த மணிக்கு நகர்வார்.

எனக்கு அப்போது அவர் மேல் கோபமாக இருந்தது. ஒருநாள் நடைபாதையில் வைத்துக் கேட்டேவிட்டேன். "மாமா, இவ்வளவு கேக்குறீங்களே, உங்க சாமி ஏதாச்சும் பதில் சொல்லுதா?"

அவர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். "இல்லய்யா" என்றார். "ஒண்ணும் சொல்லல." அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவளை நிபோங் திபாலிலேயே, அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அவள் அங்கேதான் கேட்டாள். அடக்கம் முடிந்து நான் தனியாகப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தேன்.

இனி அவருக்கும் எனக்கும் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இருவரையும் சேர்த்துக் கட்டியிருந்தது அவள்தான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நடையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பயற்றங்காய்.

"எப்ப வந்தீங்க மாமா? போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணா வர வேணாம்னு சொல்லிடுவ."

அன்றைக்கு நான் சமைத்தேன். பயற்றங்காயைக் கருவாட்டோடு வதக்கினேன். உப்பு கூடிவிட்டது. அவர் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்ட பிறகு டிவி பார்த்தோம். எங்களுக்குள் பேச விஷயமே இல்லை. அவளைப் பற்றிப் பேச இருவராலும் முடியவில்லை. வேறெதையும் பற்றிப் பேசுவது தவறாகப் பட்டது. கடைசி பஸ்ஸுக்கு முன் நான் அவரைக் காரில் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "ஞாயித்துக்கெழமை வா" என்றார்.

போனேன். அப்படித்தான் மறுபடியும் தொடங்கியது. வெள்ளிக்கிழமை அவர் வருவார், ஞாயிறு நான் போவேன். அவர் பூசைக்குப் போவார், நான் காப்பிக்கடையில் இருப்பேன். முன்பு மூன்று பேர் செய்ததை இரண்டு பேர் செய்துகொண்டிருந்தோம்.

அப்படி ஒரு ஞாயிறு அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் செபமாலை சொன்னார். முதல் பாதி. பிறகு மௌனம். அடுத்த மணி. முதல் பாதி, மௌனம். அந்த மௌனம் சரியாக அவள் குரலின் நீளத்துக்கு இருந்தது. எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. எத்தனை வருஷமாகக் காதில் விழுந்த வார்த்தைகள், எப்படியோ மனப்பாடமாகியிருந்தன. வண்டியை ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி, மறுபாதியை நான் சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மணிக்குப் போனார். நான் பதில் சொன்னேன். கோயில் வாசல் வரைக்கும் அப்படியே போனோம். இறங்கும்போது, "'இருப்பதாக'ன்னு சொல்ற எடத்துல 'இருக்கட்டும்'னு சொல்ற" என்றார். "தப்பு இல்ல. இருந்தாலும் சொல்றேன்." பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அன்றும் நான் காப்பிக்கடையில்தான் இருந்தேன்.

தவுக்கே இறந்ததும் அவருடைய பிள்ளைகள் நிலத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்றுவிட்டார்கள். அதில் அநியாயம் ஒன்றுமில்லை, நிலம் அவர்களுடையது. நின்ற பயிரை எடுக்கும்வரை பொறுத்திருந்தார்கள். சிங்கப்பூருக்கு வந்துவிடச் சொல்லி மைத்துனன் அழைத்தான். நானும் ஜெலுத்தோங்குக்குக் கூப்பிட்டேன்.

"ஒம்பதாவது மாடியில என்னய்யா நடுறது?"

"தொட்டியில வைக்கலாம் மாமா. எதிர்வீட்ல கறிவேப்பில வச்சிருக்காங்க."

"அவங்க ரெண்டு பேரையும் இங்க விட்டுட்டு எப்படிய்யா வர்றது?" என்றார். மனைவியையும் மகளையும் சொன்னார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஊருக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார். வீட்டுக்குப் பின்னால் பெரிய மழைநீர்க் கால்வாய் ஓடியது. அதன் கரையில் யாருக்கும் வேண்டாத ஒரு நீளத் துண்டு நிலம், லாலான் புல் மண்டிக் கிடந்தது. ஒரு மாதத்துக்குள் அங்கே கத்தரி நட்டுவிட்டார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா முதலில் பாம்பு வரும் என்று பயந்தார். பிறகு அவரும் ஓரத்தில் மிளகாய் போட்டார். இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று மலாயில் உரத்தைப் பற்றிப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா அவரை 'பாக்சிக்', மாமா, என்று கூப்பிடுவார். என்னிடம் பேசியதைவிட அந்த அம்மாவிடம் அவர் அதிகம் பேசினார். மண்ணைப் பற்றிப் பேச என்னிடம் ஒன்றும் இல்லையே.

வயதாக ஆக வெள்ளிக்கிழமை வரவு நின்றது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போனில் பேசுவார். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன் மாமா. நீங்க?" "ஆச்சு." "சரி மாமா." "சரிய்யா." இவ்வளவுதான் முழுப் பேச்சும். ஆனால் அந்த ஒரு அழைப்பு வராத நாளில் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. என்னை அந்தக் கேள்வி கேட்க உலகத்தில் வேறு யாரும் இல்லை.

அவர் இறந்த அன்று நான் காலை ஷிப்டில் இருந்தேன். போன் எடுத்ததும் மலாய்க்கார அம்மா படபடவென்று பேசினார். பாக்சிக் கத்தரிப் பாத்தியில் விழுந்து கிடக்கிறார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன், சீக்கிரம் வா. பிறையிலிருந்து நான் ஓட்டிய வேகம் நினைவிருக்கிறது. வழியில் என்ன பார்த்தேன் என்பது ஒன்றும் நினைவில்லை.

நான் போவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அங்கே போனால், வரும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்றார்கள். துணியை விலக்கிக் காட்டினார்கள். ஒரு கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். ஈரமண், சுலபமாக வந்துவிட்டது.

உடலை எடுத்துப் போக வேண்டுமே என்று வெளியே கௌண்டரில் கேட்டேன்.

"என்ன உறவு?" என்று மலாயில் கேட்டார் அங்கிருந்த இளைஞர்.

"மருமகன்."

"மகள் எங்க?"

"இறந்துட்டாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எப்படிக் கேட்பது என்று யோசிப்பது தெரிந்தது. "வேற, ரத்த சொந்தம் யாராவது?"

"மகன் இருக்காரு. சிங்கப்பூர்ல."

"அவர் வரட்டும் அங்கிள். அவர் கையெழுத்துதான் நல்லது."

அந்தப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான். நான் வெளியே நீளமான பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மைத்துனனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அவன் அழுதான். விமானம் கிடைத்து அவன் வந்து சேரும்வரை நான் அங்கேயே இருந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. ஆனால் அவரை அங்கே தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? மத்தியானம் ஆனது. மழை வந்து நின்றது. பலபேர் வந்து தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. பசாரில் அவரிடம் காய் வாங்கிய சீனக் கிழவிகள்கூட வந்திருந்தார்கள். மலாய்க்கார அம்மா வாசலுக்கு வெளியே, மரத்தடியில், கடைசிவரை நின்றிருந்தார். மைத்துனன் என் கையைப் பிடித்து முதல் வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்தக் கோயிலுக்குள் உட்கார்ந்தது மாமியாரின் அடக்கத்துக்கும் மனைவியின் அடக்கத்துக்கும் இதற்கும்தான். பாதர் சின்ன வயதுக்காரர், அவரை அதிகம் அறியாதவர். "உழைப்பாளி, பக்திமான், நல்ல குடும்பத் தலைவர்" என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு மைத்துனன் திரும்பினான். "அடிக்கடி பேசுவோம் மச்சான்" என்றான். முதலில் வாராவாரம் பேசினான். இப்போது பண்டிகைக்குப் பேசுகிறான். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை இருக்கிறது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்குச் செத்தவர்களின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஒருமுறையும் போனதில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஜெலுத்தோங் மார்க்கெட்டில் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள். குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். நான் புல்லைப் பிடுங்கி, மூன்று கல்லறைகளையும் கழுவி, பூவைப் பிரித்து வைத்தேன். எந்தப் பக்கம் மெழுகுவர்த்தி வைப்பது என்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்து வைத்தேன். காற்றில் நிற்கவில்லை. ஒன்றை ஏற்றினால் ஒன்று அணைந்தது.

பக்கத்துக் கல்லறையில் இருந்த ஓர் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி மெழுகுவர்த்திகளுக்கு மேல் கவிழ்த்துக் காட்டினார்.

"யாருண்ணே இவங்க?"

"மாமியார், என் வைஃப், மாமனார்."

"பிள்ளைங்க வரலையா?"

"பிள்ளைங்க இல்லம்மா."

"அப்ப நீங்க மட்டும்தான்" என்றார். பரிதாபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். தன் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு போத்தல்களை எடுத்துவந்து கொடுத்துவிட்டுத் தன் ஆட்களிடம் போனார்.

பாதர் வந்து வரிசை வரிசையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். மூன்று கல்லறைகளின் மேலும் என் மேலும் சேர்த்துத் தெளித்தார். இருட்டத் தொடங்கியதும் பெரிய மழை பிடித்தது. எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடி வழியே பார்த்தேன். மழையில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியை மாற்றினேன். குக்கரில் ஒரு கப் அரிசி வைத்தேன். மாமா போன் பண்ணும் நேரம்தான் அது. பக்கத்து வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சோறு வேகும்வரை நான் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.